ஜோடி டெரிஞ்சரும் என் சம்பந்தி அன்வர் பாயும்

அன்வர் பாய் இறந்த செய்தி எனக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு நானே காரணம். பழைய நாணயம், கடிகாரம், துப்பாக்கி சேர்ப்பவர்களுக்கென்று நாம் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான்கு மாதங்களுக்கு முன்பு கோபித்துக்கொண்டு வெளியேறியிருந்தேன். யார்மீது கோபம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த நபருக்கும் தெரியும். அதனால் நீங்கள் எல்லோரும் ஏற்காட்டுக்கு வந்து, தூறலில் நின்று, அவரை அடக்கம் செய்துகொண்டிருந்த நேரத்தில் நான் மஞ்சக்குட்டையில் என் வீட்டுக் காப்பிச் செடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தேன். மறுநாள் காலையில் ஜீப் ஓட்டும் முருகேசன்தான் வண்டியை நிறுத்திச் சொன்னார்.

"ஏனுங்க சார், நேத்து அடக்கத்துக்கு வரலீங்களா? உங்க சம்பந்தின்னு பஜாரே உங்களைத் தேடுச்சுங்க."

சம்பந்தி என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது என்பது முருகேசனுக்குத் தெரியும். அதைச் சொன்னதற்காகப் பலமுறை திட்டு வாங்கியவர் அவர். அன்று நான் திட்டவில்லை. கவாத்துக் கத்தியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எனக்குப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. அன்வர் பாய்க்கு ஒரே மகள், நஸ்ரின். சேலத்தில் ஆசிரியையாக இருக்கிறாள். பின் எப்படிச் சம்பந்தி என்று கேட்பவர்களுக்காக அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். உங்களில் சிலர் இதைப் பாயின் வாயால் கேட்டிருப்பீர்கள். அவர் சொன்னதில் நான் எப்போதும் கோமாளிதான். இப்போது நான் சொல்கிறேன், கோமாளி மாறவில்லை.

பதினெட்டு வருடங்களுக்கு முன்பு, எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகும் ஒரு அம்மா, பங்களாவில் கிடந்த பழைய சாமான்களைப் பார்க்க எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். பாய் பஜாரில் ஹார்டுவேர் கடைக்காரர்; ஆணியும் தாழ்ப்பாளும் விற்பவர். நான் கல்லூரியில் வரலாறு நடத்துபவன், துறைத் தலைவர் பதவி அப்போதுதான் என்னைவிட ஏழு வருடம் இளையவனுக்குப் போயிருந்தது. அலமாரியின் அடியிலிருந்து அந்த அம்மா ஒரு மரப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட். அதில் வெட்டிய இரண்டு பள்ளங்களில், தலைமாடு கால்மாடாக, ஒரு ஜோடி டெரிஞ்சர்.

தெரியாதவர்களுக்காக: டெரிஞ்சர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குட்டிப் பிஸ்டல். ஒரு முறை சுடலாம், அவ்வளவுதான். சீட்டாட்டக்காரர்கள் கோட்டுக்குள்ளும், சீமாட்டிகள் கைப்பைக்குள்ளும் வைத்துக்கொண்ட பொருள். இந்த இரண்டும் நெருப்புத் துளையை ஈயத்தால் அடைத்து, சுட முடியாதவை என்று முறைப்படி காகிதம் வாங்கியவை. இனி அவை சிரிக்க மட்டுமே பயன்படும் என்றார் அந்த அம்மா. சண்டை வராமல் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"சார் படிச்சவங்க. அவங்களே மொதல்ல எடுக்கட்டுமுங்க" என்றார் பாய்.

ஒன்று புகை படிந்த பழுப்பு நிறத்தில் மங்கிக் கிடந்தது. மற்றொன்று புதுப் பாத்திரம்போல மின்னியது. நான் மின்னியதை எடுத்தேன். பாய் மங்கியதை எடுத்துக்கொண்டு, பெட்டி தனக்கு என்றார். நானும் பெருந்தன்மையாகச் சரி என்றேன். மலைப்பாதை முழுக்க, ஒவ்வொரு வளைவிலும், மனத்துக்குள் அவரை வென்றுகொண்டே வந்தேன்.

ஒரு மாதம் கழித்து விஷயம் தெரிந்த ஒருவர் என் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். யாரோ பிற்காலத்தில் நிக்கல் முலாம் பூசி அதன் அசல் மேனியை அழித்துவிட்டார்களாம். சேகரிப்பவர்கள் கண்ணில் அதற்கு மதிப்பில்லையாம். நான் நேராகக் கடைக்குப் போய், முலாம் என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கேட்டேன். பாய் நிறுத்துக்கொண்டிருந்த ஆணியைத் தராசிலிருந்து இறக்கவில்லை.

"உங்க மூஞ்சியில அத்தனை சந்தோசமுங்க சார். அதை நா எப்புடிக் கெடுப்பன்?"

அந்தப் பதிலை நான் மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்தார். ஜோடியில் ஒன்று என் வீட்டில், மற்றொன்று அவர் வீட்டில். என்னுடையது பெண், அவருடையது மாப்பிள்ளை. பஜாரில் என்னைக் கண்டால் பெண் எப்போது புகுந்த வீட்டுக்கு வரும் என்று விசாரிப்பார். புதிதாக வந்த ஒரு வங்கி மேலாளர் இதை நம்பி, கலப்புத் திருமணத்துக்கு எனக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார். முகம் சிவந்து நின்றேன். பாய் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார்.

நான் ஒருமுறைகூட அவரைப் பதிலுக்குச் சம்பந்தி என்று அழைத்ததில்லை.

இருந்தும் அவர் கடைக்குப் போவதை நிறுத்த முடியவில்லை. டெரிஞ்சர் பார்க்கத் தெரிந்தவர் இந்த மலையில் அவர் ஒருவர்தான். படமும் புத்தகமும் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. கண்ணை மூடிக் கையில் வாங்கச் சொல்வார். நல்ல டெரிஞ்சர் விரல்களுக்கு நடுவே தானாக உட்காரும். கெட்டது கல்லாகத் தொங்கும். அப்புறம் குதிரை. சுத்தியல் மாதிரி மேலே நிற்கும் விசைக்கு எங்களுக்குள் அதுதான் பெயர். அதை மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். பாதியில் ஒரு சத்தம், முழுதாக இழுத்ததும் இன்னொரு சத்தம்.

"ரெண்டும் தனித்தனியாக் கேக்கோணுமுங்க. நடுவுல ஒரு மூச்சு விடற நேரம் இருக்கோணும். ஒண்ணாக் கேட்டா திருப்பிக் குடுத்துருங்க."

அழகை அவர் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் திருகாணிகளின் தலை. தலை சிதைந்திருந்தால் யாரோ பொருந்தாத திருப்புளியால் திறந்திருக்கிறார்கள். திறந்தவன் உள்ளே என்ன செய்தானோ. அதற்காகவே தன் திருப்புளிகளை ஒவ்வொரு திருகாணிக்கும் ஏற்றபடி அரத்தால் ராவி வைத்திருந்தார்.

ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவர், ஒரு தளபதியின் இடுப்பில் இருந்தது என்று சொல்லிப் பித்தளைப் பிடி போட்ட டெரிஞ்சர் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் மயங்கிவிட்டேன். பாய் குதிரையை இழுத்தார். ஒரே சத்தம். திருகாணிகள் எல்லாம் தன் கடையில் விற்கும் கதவுக் கீல் திருகாணிகள் என்று டப்பாவை எடுத்துக் காட்டினார். வியாபாரி கூனிக் குறுகிப்போனார். ஆனால் பாய் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பொம்மை என்று வியாபாரி வாயால் ஒருமுறை சொல்லச் சொன்னார். அவர் சொன்னதும் வாங்கிக்கொண்டார். போலியை எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவர் சொன்னதைத்தான் நம்மில் பலர் இன்னும் திரும்பச் சொல்கிறோம்.

"கையில எடுத்தாச் சிரிப்பு வரோணுங்க. வரலீன்னா அதுக்குப் பேரு சேகரிப்பு இல்லீங்க, முதலீடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் டெரிஞ்சரை எடுக்கும்போதெல்லாம் ஏமாந்த கதைதான் நினைவுக்கு வந்தது. பாயோ வருடா வருடம் ஒன்றையே கேட்டார்: என்னுடையதைக் கொண்டுவர வேண்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். முலாமைக் காட்டி எல்லோர் முன்பும் கேலி செய்யத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கொண்டுபோகவே இல்லை. அவருடையதைத் தொட்டும் பார்க்கவில்லை. அவர் என் முன்னால் அதன் குதிரையை இழுத்துக் காட்டுவார். முதல் சத்தம் சரியாக விழும், இரண்டாவது சளி பிடித்தாற்போல் அமுங்கிப்போகும். என்னுடையது மணிபோல இருக்கும். ஒருநாள் போனிலேயே இழுத்து அவருக்குக் கேட்க வைத்தேன். அதில் மட்டுமாவது அவரைத் தோற்கடிக்க வேண்டாமா? பாய் இன்னொரு முறை இழுக்கச் சொன்னார்.

"நொம்ப நல்ல சத்தமுங்க சார்" என்றார். "எங்க ஊட்டுச் சத்தமாட்டவே இருக்குதுங்க."

பொறாமை என்று எண்ணிக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு அதை நினைத்துத் திருப்தியாக இருந்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கிளம்பும்போது டெரிஞ்சரைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். துக்கம் கேட்கப் போகிறவன் செய்யும் காரியமல்ல. ஆனால் பதினெட்டு வருடங்களாக அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நஸ்ரின் என்னைப் பார்த்ததும், அத்தா ஆணி நிறுத்துக்கொண்டே சாய்ந்துவிட்டதைச் சொன்னாள். வேதனைப்பட நேரமே இருக்கவில்லையாம். பிறகு உள்ளே போய் அந்த மரப்பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு பள்ளத்தில் அவருடைய துப்பாக்கி. மற்றப் பள்ளம் காலி. அதன்மேல் துணியில் சுற்றிய ஒரு சிறிய திருப்புளி. சேர்த்த சாமான்களை எல்லாம் யார் யாருக்கு என்று சென்ற வருடமே அவளிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

"இதை மட்டும் சார் கேட்டாலும் குடுக்காதேன்னாங்க அத்தா. அவரோடதைக் கொண்டாந்தாருன்னா இந்தத் திருப்புளியக் குடுத்து, ரெண்டையும் பிரிச்சுப் பாக்கச் சொல்லுன்னாங்க. நாஞ் சொன்னா அவரு நம்பமாட்டாரு, கண்ணுல பாத்தாத்தான் நம்புவாருன்னு."

கைக்குட்டையைப் பிரித்தேன். திருப்புளி என் துப்பாக்கியின் திருகாணியில் அச்சு வைத்தாற்போல் உட்கார்ந்தது. அதை ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்காத மனிதர், தன்னுடையதை அளந்து எனக்கும் சேர்த்து ராவியிருக்கிறார். பக்கத் தகட்டைக் கழற்றினேன். குதிரையை இயக்கும் விசை எல்லாம் அந்தத் தகட்டின் உட்புறம்தான் இருக்கும். அதில் அரத்தால் போட்ட இரண்டு கோடுகள். குண்டு போகும் குழாயைக் கழற்றி அடிப்புறம் பார்த்தேன். ஒரே கோடு. பிறகு பாயின் துப்பாக்கியைப் பிரித்தேன். தகட்டில் ஒரு கோடு, குழாயில் இரண்டு.

ஜோடியாகச் செய்யும் துப்பாக்கிகளின் பாகங்கள் மாறிப்போகாமல் இருக்க, செய்தவர் போட்டுவைத்த அடையாளம் அது. முலாம் பூசுவதற்கு முன்பு எந்தக் காலத்திலோ, எந்தப் பங்களாவிலோ, யாரோ இரண்டையும் ஒரே மேஜையில் பிரித்து எண்ணெய் போட்டிருக்கிறார்கள். மாற்றி மாட்டிவிட்டார்கள். பாய் தன்னுடையதை வாங்கிய வாரத்திலேயே திறந்து பார்த்திருக்கிறார். மீதி என்னிடம் இருக்கிறது என்பது அன்றே அவருக்குத் தெரியும்.

பதினெட்டு வருடங்களாக நான் பெருமை பேசிய சத்தம் அவர் வீட்டுச் சத்தம்தான்.

சிரித்துவிட்டேன். துக்க வீட்டில், நாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அடக்க முடியாமல் சிரித்தேன். நஸ்ரின் ஒரு கணம் திகைத்தாள். கோடுகளை அவளுக்குக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவள் அழவில்லை.

தகடுகளை மாற்றி அசல்படி மாட்டிவிடலாமா என்று கேட்டாள். மாட்டலாம், ஐந்து நிமிட வேலை. வேண்டாம் என்றேன். எது யாருடையது என்று இவ்வளவு நாள் சண்டை போட்டாயிற்று. இருந்தபடியே இரண்டையும் மாட்டி, என்னுடையதைக் காலியாக இருந்த பள்ளத்தில் வைத்தேன். முலாம் பூசியது வெல்வெட்டில் கொஞ்சம் கூச்சத்தோடு மின்னியது. காகிதத்தை நஸ்ரின் பெயருக்கு மாற்றும் வேலை என்னுடையது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நண்பர்களே, நான் சுலபத்தில் மறப்பவன் அல்ல. துறைத் தலைவர் விஷயத்தை மறக்கவில்லை. குழுவில் என்னைப் பற்றி எழுதியவரையும் மறக்கவில்லை. மறுபடி சேரச் சொல்லி யாரும் கூப்பிட வேண்டாம். பாய்மீதும் ஒரு கோபம் மிச்சமிருக்கிறது. ஒரே ஒரு வாக்கியத்தில் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் பொருள் அவரிடம் இருக்கிறது என்று அவரை எந்தப் பாடு படுத்தியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். அவரிடமிருந்து நான் எடுத்து வந்தது அந்தத் திருப்புளி. என் வீட்டில் அது திறப்பதற்கு இனி ஒன்றும் இல்லை, ஆனாலும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. கூடவே அவர் தந்து, நான் வாங்கிக்கொள்ளாமல் இருந்த ஒரு சொல்லும்.

திரும்பும்போது முருகேசனின் ஜீப்தான் கிடைத்தது. பக்கத்தில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார்.

"பொண்ணைச் சம்பந்தி ஊட்டுல விட்டுட்டு வர்றேனுங்க" என்றேன்.

முருகேசன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கியரை மாற்றினார்.

"நல்ல எடமுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நொம்ப நல்ல எடமுங்க."