படத்துக்குக் கீழே ஒரு வரி

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள், காலை பத்தேகாலுக்கு, மேற்பார்வையாளர் அவளுக்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்தார். நீராவி பட்டு வெந்த விரலில் அவள் கட்டுப் போட்டிருந்த நாள் அது. கட்டு ஐந்தே நாளில் அவிழ்ந்தது. பெயர் இருபத்திரண்டு வருடமாகியும் அவிழவில்லை.

அவர் எல்லோரையும்தான் வைவார். “மெஷினே உங்களைப் பாத்து அழுவுது” என்பார். “நீ ஒரு விரிப்பை மடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்து பள்ளிக்கூடம் போயிடுவான்” என்பார். உவமை, உருவகம், மிகை என்று பள்ளியில் அவள் மனப்பாடம் பண்ணி மறந்ததெல்லாம் அவர் வாயால்தான் விளங்கிற்று. ஒன்றை அவள் கவனித்தாள். இஸ்திரிக்காரரை அவர் “எருமை மாதிரி நிக்கிறே” என்றார். மறுவாரம் அது யாருக்கும் நினைவில்லை. ‘மாதிரி’ என்ற சொல் நடுவில் நின்று, எருமை வேறு, ஆள் வேறு என்று விலக்கிவிட்டது. அவளுக்கு அந்தச் சொல்லைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. நேரே ஆமை.

மணிக்கு அறுபத்திரண்டு விரிப்பு மடிப்பாள். கூடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மடிப்புப் பிரிவுக்கு யாரைத் தலைவியாக்குவது என்ற பேச்சு எழுந்தபோது, மேலிடத்திலிருந்து வந்தவர் சிரித்துவிட்டார். “ஆமையா? வேற பேர் சொல்லுங்கப்பா.” பதவி வேறொருத்திக்குப் போயிற்று. அன்று முதல் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவரின் படத்தை மடிப்பறையில் மாட்டுவார்கள். அதன்கீழ், இருப்பவர்களில் மூத்த தொழிலாளி ஒரு வரி எழுதுவார். முன்பொரு கொதிகலன்காரர் தன் வரி பிடிக்கவில்லை என்று முறையிட்டபோது, “எழுதினது எழுதினதுதான்” என்று கறாராகச் சொன்னவர் இதே மேற்பார்வையாளர். இப்போது ஓய்வு அவருக்கு. மூத்த தொழிலாளி அவள்.

“ஆலமரம்னு போடும்மா. இல்லேன்னா சூரியன்,” என்று குழைந்தார்.

“யோசிக்கிறேன் சார்.”

விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் அங்கேயே வேலை பார்க்கும் அவளுடைய நாத்தனார்; அவர் நகர்ந்ததும் கிசுகிசுத்தாள். “கழுதைன்னு போட்டுடுங்க அண்ணி.”

“கழுதை வேலை செய்யும்டி.”

“அப்போ பாம்பு?”

“பாம்பைப் பாத்தா பயம் வரும். இவரைப் பாத்து எவ பயந்தா? எனக்கு அவர் வச்சது பொய். நான் வைக்கிறதை யார் சோதிச்சாலும் நெசமா இருக்கணும். அப்பத்தான் சுருக்குன்னு தைக்கும்.”

கையுறை வேண்டும், வழுக்கும் தரைக்கு ரப்பர் விரிப்பு வேண்டும் என்று எல்லோருமாக அவரிடம் கொடுத்த மனுக்கள் முப்பத்தேழு. அவள் தேதியோடு குறித்து வைத்திருந்தாள். “கவனிக்கிறேன்” என்று வாங்கிக்கொள்வார். ஒன்றுகூட மேலிடம் போய்ச் சேரவில்லை.

விழா நாளில், மாலை நாலு இருபதுக்கு, எல்லோர் முன்னிலையிலும் அவள் தூரிகையை எடுத்து இரண்டே சொல் எழுதினாள்: ஓட்டை வாளி.

இஸ்திரிக்காரர்தான் முதலில் வெடித்தார். “முப்பத்தேழு மனு ஊத்தினோம், ஒரு சொட்டு நின்னுச்சாய்யா!” அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை.

விழா முடிந்த பதினோராம் நாள் அவர் ஏதோ சான்றிதழ் வாங்க வந்தார். வாசல் காவலாளி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஓட்டை வாளி வந்திருக்காரு!”

அவர் மடிப்பறைக்கு வந்து படத்தையே பார்த்தபடி நின்றார். பின் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“மருமகன் காது வரைக்கும் போயிடுச்சும்மா. அழிக்க வேணாம். பின்னாடி ‘மாதிரி’ன்னு ஒரு சொல் மட்டும் சேத்துடேன்.”

“எழுதினது எழுதினதுதான் சார்.”

“கொஞ்சம் மனசு வையேன்.”

“வச்சாச்சு. சேக்கறேன். ஆனா ஆமை பாருங்க, எழுதி முடிக்க இருபத்திரண்டு வருஷம் ஆகும்.”

அடுத்த விரிப்பை உதறி எடுத்தாள். அந்த ஒரு மணியில் அவள் மடித்தவை அறுபத்தெட்டு.