மூடுபனிக்கு எட்டு

கொடைக்கானல் ஏரிக்கரையில் என் வீட்டுக்காரர் போட்டோக் கடை போட்டபோது எனக்கு இருபது வயது. ஐம்பதுகளின் கடைசி. அவர் பழனிக்காரர், அடிவாரத்தில் மொட்டை போட்ட பக்தர்களைப் படம் எடுத்துத் தொழில் பழகியவர். மலைக்கு வந்ததும் வேலையைப் பிரித்தார். வெளியே நின்று எடுப்பது அவர், உள்ளே கழுவி அச்சுப் போடுவது நான். சீசன் கூட்டத்துக்கு முன்னால் வீட்டுப் பொம்பளை நிற்கக் கூடாதாம்.

உள்ளே என்றால் கடைக்குப் பின்னாலிருந்த இருட்டறை. ஜன்னலைப் பலகை வைத்து அடித்திருந்தார். ஒரு சிவப்பு விளக்கு, மருந்துத் தட்டுகள், மருந்து குளிர்ந்துவிடாமலிருக்க அடியில் வெந்நீர். ஊரெல்லாம் செலவழித்துப் பார்க்க வருகிற மலையில் குடியிருந்துகொண்டு நான் பார்த்ததெல்லாம் நெகட்டிவ்தான். மூச்சு முட்டும். ஒரு நாளாவது வெளியே நின்று நானே எடுக்க வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

வெயில் நாள் படங்கள் நன்றாக வந்தன. மூடுபனி நாள் நெகட்டிவ் மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். நெகட்டிவ் கறுத்தால் வெளிச்சம் கூடிப்போனது என்று அர்த்தம். அச்சுப் போட்டால் முகம் சுண்ணாம்பு. வைத்த அளவை ரோல் உறையில் அவர் எழுதித் தருவார், அதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. லென்ஸ் ஓட்டைக்கு எண் உண்டு. எண் ஏற ஏற ஓட்டை சுருங்கும், எந்தப் புண்ணியவான் வைத்த கணக்கோ! வெயிலுக்குப் பதினொன்று வைத்தவர், பனி வந்தால் இருட்டு என்று பயந்து நாலுக்கு அகலத் திறந்து, ஷட்டரையும் மெதுவாக விட்டிருக்கிறார். பழனி வெயிலில் பழகிய கண் அது.

"ஏங்க, மூடுபனி இருட்டில்லீங்க, வெள்ளை. எட்டு வச்சாப் போதும்" என்றேன்.

"இந்தா, கேமராவைத் தொட்டே பாக்காதவ எனக்கு அளவு சொல்றியா? உன் சோலியைப் பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் அடுத்த ரோலைக் கழுவினேன்.

ஒருமுறை அவர் ரோல் வாங்கப் பழனிக்கு இறங்கினார். மலைப்பாதையில் மரம் விழுந்து அன்றைக்கு பஸ் ஏறவில்லை. அந்த நேரம் பார்த்து மேல்மலைக் கிராமமான போளூரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, கைப்பிள்ளையோடு வந்தார்கள். பட்டாளத்திலிருக்கும் அவள் அண்ணனுக்குப் பிள்ளையின் படம் அனுப்ப வேண்டுமாம்.

"நேத்து வெள்ளனே கிளம்பி நடந்தே வந்தோம்க்கா. பூண்டு எடுப்பு கெடக்கு, இனி வர முடியாது" என்றாள்.

ஏரி தெரியாத பனி. கடையிலிருந்த கேமராவில் மூன்று படத்துக்கு ரோல் மிச்சமிருந்தது. எட்டு வைத்தேன், ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குத் திருப்பினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று படம் எடுத்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பனி என் முகத்தில் பட்டது. உள்ளே திரும்பவே மனசில்லை.

கழுவிப் பார்த்தால், பிள்ளையின் கம்பளித் தொப்பியில் இழை இழையாகத் தெரிகிறது! மறுநாள் பழனியிலிருந்து வந்த இவர் காயப்போட்டிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு எடுத்தது?"

"நாந்தாங்க."

"என்ன அளவு?"

சொன்னேன். "அடி கெட்டிக்காரி!" என்று வாய்விட்டுச் சிரித்தார். கேமரா என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். ராத்திரியெல்லாம் எந்தப் புடவை கட்டிக்கொண்டு வெளியே நிற்பது என்று யோசித்தேன், பைத்தியக்காரி.

விடிந்ததும் ஆசாரியைக் கூட்டி வந்தார். ஜன்னல் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, மூடி போட்டுக் கொடுத்தார் ஆசாரி.

"இது வழியா வானத்தைப் பாத்து அளவைச் சொல்லு. நான் எடுத்துக்கிறேன்" என்றார் இவர்.

அதற்குப் பிறகு ஒரு படமும் கெடவில்லை. மூடுபனியில் எடுக்க இவரை விட்டால் ஆளில்லை என்று பேர் வந்தது. பல சீசன்கள் அப்படியே போயின. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல், வேண்டுமென்றே தப்பான அளவைச் சொல்லிவிடுவது என்று மூடியைத் திறந்தேன். வெளியே பனியில் யாரோ ஒருத்தி, படத்துக்காகத் தன் மகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டு" என்று சொல்லிவிட்டு மூடியைச் சாத்தினேன்.