நாங்கள் எண்ணாத ஸ்லைடு

டாக்டர் மீனாட்சி இறந்த செய்தியை அவருடைய கணவர்தான் கூப்பிட்டுச் சொன்னார். "விடியக்காலம்பற போயிட்டா, லதா." நோய் ஈரலுக்குப் பரவியதிலிருந்தே, போன் அடிக்கும்போதெல்லாம் இதுவாக இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். வந்த பிறகும் அந்தப் பயம் விடவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தோம். மார்பகக் கட்டியின் துணுக்கைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எவ்வளவு செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணுவது எங்கள் வேலை. பெருகும் செல்கள் பழுப்பேறித் தெரியும். அவை கூடுதலாக இருந்தால் நோய் திரும்பும் அபாயமும் கூடுதல்.

ஒருமுறை விழிஞ்ஞத்து மீன்காரப் பெண் ஒருவர் தன் ரிப்போர்ட்டைக் கேட்டுவிட்டு வெளியே அழுதுகொண்டிருந்தார். நோயாளிகளிடம் பேசுவது எங்கள் வழக்கமில்லை. மீனாட்சி எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வேகமாகப் பெருகும் கட்டிதான், ஆனால் அப்படிப்பட்டதில் கீமோ நன்றாகப் பிடிக்க வாய்ப்புண்டு, தள்ளிப்போடாதீர்கள் என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

பிறகு மீனாட்சியின் சொந்த மார்பகக் கட்டியின் ஸ்லைடே எங்கள் மேஜைக்கு வந்தது. நான் அதை எடுத்து வைத்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"நம்ம ரெண்டு பேரும் இதை எண்ணப்படாது. நான் கொறச்சுப் பார்ப்பேன். நீயும் எனக்காகக் கொறச்சுப் பார்ப்பே."

"பின்ன யாரு பாக்கது?"

"என்னைத் தெரியாதவா யாராவது பார்க்கட்டும்." என் கையை விடாமலே, "பயமா இருக்கு, லதா" என்றார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதேயில்லை.

வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பெருகும் செல்களின் விகிதம் அதிகம் என்றே முடிவு வந்தது. மறுவாரமே கீமோ தொடங்கினார். முடி உதிர்ந்த தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார், கேன்டீன் டீயைத் திட்டினார். சில நல்ல வருஷங்கள் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் நோய் திரும்பி வந்தது.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய தைரியத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்த தைரியம், அன்று பயத்தை வாய்விட்டுச் சொன்னதுதான். போன வாரம் என் மாமோகிராமுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸ், "பேடியுண்டோ, டாக்டரே?" என்று, பயமாக இருக்கிறதா என மலையாளத்தில் கேட்டார். இல்லை என்று சிரித்து மழுப்புவதுதான் என் பழக்கம்.

"உண்டு" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னருகில் உட்கார்ந்தார்.