வைரஸ் இருந்தால் வேலை செய்யாத ஆன்டி வைரஸ்

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. குத்தாலத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் பயோடேட்டாவை, "உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்று என் கம்ப்யூட்டரிலேயே விட்டுப்போவார்கள். நானும் வேறு நகல் வைத்ததில்லை.

அவர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களால் வைரஸ் மண்டிவிட்டது. 'எந்த வைரஸையும் சுத்தம் செய்யும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததை நம்பி ஓர் ஆன்டி வைரஸ் வாங்கிப் போட்டேன். வைரஸோடு சேர்த்து எல்லா பயோடேட்டாவையும் அது அழித்துவிட்டது! குத்தகை வயலை விட்டுவிட்டு, மறுநாள் சிங்கப்பூர் வேலைக்கான இன்டர்வியூவுக்குக் கிளம்பவிருந்த செல்வத்தின் பயோடேட்டாவும் அதில் போயிற்று. அவர் சொல்லச் சொல்லப் புதிதாக டைப் செய்து கொடுத்தேன்.

அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நடந்ததை விமர்சனமாக எழுதினேன். பதில் வந்தது: "தங்கள் கணினி ஏற்கெனவே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது. வைரஸ் இல்லாதபோதே நிறுவியிருக்க வேண்டும்."

செல்வத்திடம் படித்துக் காட்டினேன். "பூச்சி விழாத வயலுக்குத்தான் மருந்து விப்பானாமாக்கா?" என்றார்.

இப்போது டைப் செய்த கையோடு சிடியில் நகல் எடுத்து, உரியவரிடமே கொடுத்துவிடுகிறேன். அந்தப் பதிலையும் பிரின்ட் எடுத்து, அதே அட்டைப்பெட்டியில் ஒட்டிக் கடைவாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டுப் போகட்டும்.