பேச்சிமுத்து அண்ணாச்சியும் திரையில் வந்த முதல் பில்லும்

பேச்சிமுத்து அண்ணாச்சி காலமான செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. தினமும் காலையில் அந்த எண்ணிலிருந்து எனக்கு ஒரு வரி வரும். ‘ஐந்தருவியில் தண்ணி நல்லா விழுது’, ‘சாரல் இல்லை, வெயில்தான்’ என்று ஏதாவது இருக்கும். அன்றும் அப்படித்தான் திறந்தேன். ‘அப்பா இன்று விடியற்காலை தவறிட்டாங்க’ என்று அவர் மகள் எழுதியிருந்தாள்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை உடற்கல்வி ஆசிரியராகத் தெரியும். விசிலும் வெள்ளைத் தொப்பியும் நினைவிருக்கும். நான் எழுத வந்தது வேறொரு விஷயம். நம் பள்ளியில், எனக்குத் தெரிந்து தென்காசியிலேயே, டெலிபோன் பில்லை வங்கியின் இணையதளத்துக்கு வரவழைத்துப் பார்த்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர். இருபது வருடத்துக்கு முந்தைய கதை.

அதற்குக் காரணம் கம்ப்யூட்டர் ஆசை அல்ல, வரிசை மேல் இருந்த வெறுப்பு. பில் கட்டக் கடைசி நாளில், அதுவும் சாரல் காலத்தில், கவுன்ட்டர் முன்னால் நிற்பது எப்படியென்று உங்களுக்குத் தெரியும். முன்னால் நிற்பவர் குடைத்தண்ணீர் நம் காலில் சொட்டும். ஒருநாள் அண்ணாச்சி நனைந்த சட்டையோடு ஆசிரியர் அறைக்கு வந்து சொன்னார்: “காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பிள்ளையள வரிசையில நிப்பாட்டுதேன். அதுக்குப் பொறவு நானும் போயி நிக்கணுமாவே?”

அந்த வாரமே வங்கியில் போய் விண்ணப்பம் கொடுத்தார். ஒட்டிய உறையில் கடவுச்சொல் வந்தது. பழைய பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தன் டெலிபோன் எண்ணைப் பதிந்தார். இன்றைக்கு இதெல்லாம் ஒரு நிமிட வேலை. அன்றைக்கு, பதிந்த பிறகு கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும், அடுத்த பில் வரும்வரை காத்திருக்க வேண்டும். தபால்காரர் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகிற பில்லை, கம்பெனியே நம் வங்கிக் கணக்கின் வாசலில் வைத்துவிட்டுப் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசலை அண்ணாச்சி தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ரஞ்சிதம் டீச்சர் விடமாட்டார். “என்ன அண்ணாச்சி, வயர் வழியா வார பில்லு நம்ம ஊரு சாரல்ல நனைஞ்சிராதா?”

“நனைஞ்சா ஒங்க வீட்டுக் கொடியில காயப் போடுதேன் டீச்சர்.”

பில் வந்தது. அதை அச்செடுத்து, தலைமையாசிரியரைக் கேட்காமலேயே அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். தான் யாரிடம் எத்தனை நிமிடம் பேசினோம் என்பதை ஊரே படிக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாவூர்சத்திரத்தில் இருந்த மைத்துனரோடு பேசிய நீளத்தை வைத்து அந்த வாரம் முழுக்க அவரைக் கேலி செய்தோம்.

அடுத்த பில்லில் அவர் கேட்காத ஒரு வசதிக்குச் சிறிய கட்டணம் சேர்ந்திருந்தது. எழுதிக் கொடுத்து அதை எடுக்க வைத்தார். தானாகவே கட்டிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றும் அந்தத் தளத்தில் இருந்தது. யாரையும் அதைத் தொட விடமாட்டார். “பில்லு வாரது படிக்கதுக்கு. படிச்சிட்டுத்தான் கட்டணும். பாக்காம கட்டாதீரும்” என்பார்.

பிறகு எங்களை ஒவ்வொருவராக அழைத்துப்போனார். நானும் போனேன். பதிவுப் படிவத்தின் கடைசியில், ‘இனி தாளில் பில் வேண்டாம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நான் தயங்கினேன். “ரெண்டும் எதுக்குவே? வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டுத் தள்ளிக்கிட்டா போவீரு?” என்றார். கட்டத்தில் குறியிட்டேன். அதிலிருந்து தாள் பில் நின்றது.

அடுத்த வருடம் என் மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. குறித்த நாளுக்குள் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். திருநெல்வேலிக்கு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனோம். முகவரிச் சான்றாக டெலிபோன் பில்லின் அச்சுத்தாளை நீட்டினேன். அலுவலர் அதைத் திருப்பிப் பார்த்தார். “சார், இது நீங்க அச்சடிச்ச தாளு. ஒரிஜினல் பில்லு கொண்டு வாங்க” என்றார்.

ஒரிஜினல் என்று ஒன்று இல்லை. முந்தைய வருடம்தான் மேலகரத்தில் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். குடும்ப அட்டையில் பழைய வாடகை வீட்டு முகவரிதான் இருந்தது, வங்கிப் புத்தகத்திலும் அதுதான். டெலிபோன் அலுவலகத்தில் கேட்டேன். தாள் பில்லை மறுபடி அனுப்பலாம், ஆனால் அடுத்த பில்லுக்கு இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். வங்கிப் புத்தகத்தில் முகவரியை மாற்றலாம் என்று போனால், அங்கிருந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: “அட்ரஸ் மாத்தணும்னா டெலிபோன் பில்லு ஒரிஜினல் வேணும் சார்.”

வீட்டில் என் மனைவி சொன்னதை இன்றும் மறக்கவில்லை. “ஊருக்கு முந்திக்கிட்டு எல்லாத்தையும் நிப்பாட்டினீய. இப்ப நம்ம வீட்லதான் நாம இருக்கோம்னு சொல்ல ஒரு தாளு இல்ல.”

மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் அண்ணாச்சியிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். “உங்க வரிசை வெறுப்புக்கு எம் மக வேலை போவுது” என்றேன். அவர் விசிலை மேசையில் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை என் வீட்டு வாசலில் அவருடைய டி.வி.எஸ். நின்றது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். “ஏறும்வே” என்றார்.

“எங்க அண்ணாச்சி?”

“நாஞ் சொல்லித்தான செஞ்சீரு? அப்ப நானும் வருதேன்.”

அன்று அவர் மூன்று வரிசைகளில் நின்றார். டெலிபோன் அலுவலகத்தில் ஒன்று, வங்கியில் இரண்டு. ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை. கடைசியில் மேலாளர் அறைக்குள் போனோம். இப்படி ஒரு சிக்கல் வரும் என்று அவரும் நினைத்திருக்கவில்லை. பழைய கணக்குதாரர் ஒருவர் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால், ஆள் அனுப்பி வீட்டைப் பார்த்துவிட்டு முகவரியை மாற்றலாம் என்றார். அண்ணாச்சி உடனே தாள் கேட்டார். எழுதிக் கொடுத்ததைப் படித்த மேலாளர் நிமிர்ந்தார்.

“இவரு அந்த வீட்லதான் குடியிருக்காருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்த வீட்டுக்கு நெலைவாசல் வைக்கையில ஒரு பக்கம் புடிச்சது நாந்தான் சார். இன்னும் தோள்பட்டை வலிக்கு.”

மேலாளர் சிரித்துவிட்டார். மதியமே ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் புது முகவரியோடு, முத்திரையும் கையெழுத்துமாக வங்கிப் புத்தகம் கைக்கு வந்தது. அதைக் காட்டி விண்ணப்பித்ததில், கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது என் மகள் பாஸ்போர்ட் எண்ணை அனுப்பினாள்.

அதற்குப் பிறகும் அண்ணாச்சி பில் விஷயத்தில் ஆள் சேர்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் முதல் கேள்வி மாறியது. “வீட்ல ஒரிஜினல் ஒண்ணு எடுத்து வச்சிருக்கீரா?” என்று கேட்டுவிட்டுத்தான் கட்டத்தில் குறியிட விடுவார். குறியிட்டவருக்கு எங்கே என்ன சிக்கல் வந்தாலும் டி.வி.எஸ்.ஸோடு போய் நிற்பார். “சொல்லிட்டு ஒதுங்கிட்டா அதுக்குப் பேரு விளம்பரம்வே” என்று ஒருநாள் சொன்னார்.

அவரிடம் ஒரு குறையும் இருந்தது. நல்லதை மட்டும் எழுதினால் அவரே ஒப்பமாட்டார். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர், வீட்டில் மனைவி செல்லம்மாள் மதினிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மின்கட்டணம், கேஸ், டெலிபோன் எல்லாம் அவர் போனுக்கு வரும், அவரே படிப்பார், அவரே கட்டுவார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பத்து நாள் இருக்கும். மதினி கூப்பிட்டார்கள். “தம்பி, நம்ம வீட்ல மட்டும் கரண்டு இல்ல. பக்கத்து வீட்ல ஃபேன் ஓடுது.”

போய் விசாரித்தேன். பில் கட்டாததால் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தார்கள். பில் வராமல் இல்லை, அண்ணாச்சியின் போனுக்கு ஒழுங்காக வந்திருந்தது. அந்தப் போனை மகள் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போயிருந்தாள். வந்து குவிந்த இரங்கல் செய்திகளுக்கு அடியில் அது கிடந்தது. மீட்டர் பலகையில் எழுதியிருந்த இணைப்பு எண்ணைப் பார்த்து என் போனிலிருந்து கட்டினேன். வெயில் தாழ்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

நான் கிளம்பப் போனேன். மதினி விடவில்லை. “இன்னைக்கு நீங்க கட்டிட்டீய. அடுத்த தடவையும் அவுக போனுக்குத்தான போவும்? இனி எனக்கு வரணும் தம்பி.”

மறுநாள் மதினியும் நானும் மின் அலுவலகத்துக்குப் போனோம். இவ்வளவு வசதி வந்த பிறகும் அங்கே வரிசை இருந்தது. எண்ணை மாற்றும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். கவுன்ட்டரில் இருந்த பெண் மதினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நீங்க யாரு சார், தம்பியா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, கூட வந்திருக்கேன்” என்றேன்.

போன வாரம் மதினியின் போனுக்கு முதல் பில் வந்தது. எனக்குப் போன் போட்டு, இணைப்பு எண்ணிலிருந்து கெடுத்தேதி வரை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார்கள். “கட்டிரலாம் மதினி, பச்சைப் பொத்தானை அமுக்குங்க” என்றேன்.

“இருங்க தம்பி, இன்னும் ஒரு வரி கெடக்கு” என்றார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதிகமில்லை. அவர் எழுதிக் கொடுத்த பிறகு முகவரி மாறிய அந்தப் பழைய வங்கிப் புத்தகம் இருக்கிறது. இப்போதெல்லாம் யாருக்காவது ஒரு யோசனை சொன்னால், சொன்ன கையோடு செருப்பையும் தேடிப் போட்டுக்கொள்கிறேன்.