மச்சான் அனுப்பிய டிறைவரும் பூரணியின் மாப்பிள்ளையும்

திருக்கோணமலைத் துறைமுகப் பக்கத்தில் நிக்கலஸ் என்று கேட்டால் ஒருவரும் உடனே கை காட்டமாட்டார்கள். ரேடியோ அந்தோனியின் மூத்தவன், றீற்றாவின் மனிசன் என்றால்தான் தெரியும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டதா, அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் ஆர் ஆருக்கு என்ன முறை என்று கேட்டால், நாலு தலைமுறைக்குப் பிசகாமல் சொல்லுவார். தாய் வழி சல்லி ஊர்ச் சைவம், தகப்பன் வழி வேதம், அதாவது கத்தோலிக்கம். இரண்டு பக்கத்துச் செத்தவீட்டிலும் இருந்து கதை கேட்டு வளர்ந்தவர்.

ரேடியோ திருத்தக் கொண்டுவருவோர் குறைந்தபோது, தகப்பனின் கடையிலேயே இரண்டு தொலைபேசியும் ஒரு கம்பியூட்டரும் வைத்தார். ஊரார் கொண்டுவந்த வைரஸ் எல்லாம் அதற்குள் குடியேற, ஆரோ தந்த இலவச சீடித் தட்டில் இருந்து, வின்டோசைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டார். அன்று முதல் தன்னை எஞ்சினியர் என்று அழைத்துக்கொண்டார். வேறு ஒருவரும் அப்படி அழைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. பூரணி என்ற பள்ளிக்கூட ஆசிரியைக்கு நோர்வேயில் இருந்த ஆனந்தராசாவைப் பேசியிருந்தார்கள். பூரணியின் தாய், நிக்கலசின் தாயுடைய சின்னம்மாவின் மகள்வழிப் பேத்தி. அதனால் பூரணிக்கு அவர் மாமா. ஆனந்தராசா எழுதிய இரண்டு கடிதமும் அவளுக்குப் பிடித்திருந்தன. ஆனால் அனுப்பிய படம் பத்து வருசப் பழசு. முகம் அசைந்து கதைப்பதைப் பார்க்காமல் ஓம் சொல்லமாட்டேன் என்று நின்றாள். அதற்காக ஞாயிறுதோறும் நிக்கலசின் கம்பியூட்டரில் நோர்வேயோடு முகம் பார்த்துக் கதைக்க ஏற்பாடு. மாப்பிள்ளையின் தாய் அன்னலட்சுமி ஒவ்வொரு ஞாயிறும் இறக்கக்கண்டியில் இருந்து பஸ் ஏறி, ஆமி சோதிக்கிற சென்றி சென்றியாக இறங்கி நடந்து, நாலு மணிக்குக் கடைக்கு வந்துவிடுவார்.

மூன்றாவது ஞாயிறும் அதே கதைதான். மணி அடித்தது, "ஹலோ" கேட்டது, திரையில் மேலிருந்து கீழாக ஒரு நெற்றி இறங்கியது. அத்தோடு எல்லாம் கல்லாகிவிட்டது. கீபோட்டில் இரண்டு விளக்குகள் மட்டும் நிக்கலசைப் பார்த்துக் கண்ணடித்தன.

"என்ன தம்பி, திரும்பவும் படுத்திட்டுதோ?" என்றார் அன்னலட்சுமி.

"ஓம் அக்கா."

"மூண்டு ஞாயிறா நெத்திதான் பாக்கிறன் மாமா," என்றாள் பூரணி. "நெத்தியைக் கட்டவோ?"

"என்ர மகனுக்கு நெத்திக்குக் கீழயும் இருக்குப் பிள்ளை!" அன்னலட்சுமி குடையை எடுத்தார். "நீ வேணுமெண்டு நிப்பாட்டுறாய் எண்டு அவன் நினைக்கிறான். வாற ஞாயிறும் இப்பிடியெண்டால் புல்மோட்டையில பேசின இடத்தையே முடிக்கப்போறன்."

பூரணி கைப்பைக்குள் இருந்த கடிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நிக்கலஸ் அதைக் கண்டார்.

அந்தக் கிழமை எஞ்சினியர் வேலையில் இறங்கினார். மெமரியைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்தார். காற்றாடியை மாற்றினார். கமராவை மாற்றினார். பிறின்ரரைக் கழற்றி மூலையில் வைத்தார். கடற்காற்று படுகிறது என்று மேசையைச் சுவரோடு தள்ளினார். தொடாமல் விட்டது ஒன்றுதான்: நாலு கிழமைக்கு முன்னர் கனடாவில் இருந்து றீற்றாவின் தம்பி பேணாட் அனுப்பிய, திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் காட். "அத்தான், இதோட வாற டிறைவரையும் போடுங்கோ, படம் பறக்கும்" என்று தொலைபேசியில் சொல்லித்தான் போட வைத்தவன். மனிசியின் தம்பி தந்த சாமானைச் சந்தேகப்படுகிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை.

அந்த டிறைவரை, அதாவது காட்டை ஓட்டுகிற புரோகிராமை, போட்டபோதே மெஷின் 'ரெயின்ரட்' என்று ஓர் இங்கிலீசுச் சொல் எழுதிக் காட்டியது. அகராதியில் பார்த்தார்: தீட்டுப்பட்டது. தாய் வழியில் செத்தவீட்டுத் துடக்கென்றால் முப்பத்தொரு நாளில் கழிந்துவிடும், இதுவும் கழியும் என்று விட்டுவிட்டார். இதை அவர் றீற்றாவைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை. றீற்றாதான் ஊருக்குச் சொன்னார்.

மெஷின் ஒவ்வொரு முறை சாகும்போதும் கடைசியாகத் தன் பதிவேட்டில் சில வரிகளை எழுதிவைத்துவிட்டே செத்தது. அவற்றை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பார்த்துக் கையாலேயே எழுதியிருந்தார்.

"இஞ்சேருங்கோ," என்றார் றீற்றா, "எண்ணும் எழுத்துமாக் கிடக்கிற இந்தக் கடதாசியோட சென்றியால போனா, இது கம்பியூட்டற்ற வருத்தமெண்டு ஆமிக்கு ஆர் விளங்கப்படுத்திறது?"

றீற்றாவே மூன்று தாளையும் எடுத்துக் கோயில் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தார்.

ஞாயிறு காலை, தேவாலயப் பூசையில் பாட்டுக்காகப் புத்தகத்தை விரித்தபோது தாள்கள் மூன்றும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. நிக்கலஸ் பாடவில்லை. மூன்றிலும் முதல் வரியில் வேறு வேறு பெயர். ஒன்றில் படம் காட்டுகிற புரோகிராம், ஒன்றில் இன்ரநெற் பார்க்கிறது, ஒன்றில் வெறும் மணிக்கூடு. இதுவரை அந்த முதல் பெயர்களைத்தான் அவர் திட்டிக்கொண்டிருந்தார். அடிபட்டு விழுந்தவனையே அடித்தவன் என்று பிடித்துவைத்த கதை. கீழே பார்த்தால் ஒரு வரிசை: இன்னாரைக் கூப்பிட்டது இன்னார், அவரைக் கூப்பிட்டது இன்னார் என்று படிப்படியாக ஒரு வம்சாவளி. மூன்று வம்சாவளியிலும் விழுகிற இடத்துக்கு ஒரு படி மேலே ஒரே ஆள். பேணாட் போடச் சொன்ன டிறைவர்.

மூன்று செத்தவீட்டிலும் பந்தல் சரிந்து, மூன்றிலும் ஒரே ஆள் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால், பிறகு என்ன விசாரணை? ஊரில் புதிதாக வருகிற எவரையும் "நீர் ஆற்ற பிள்ளை?" என்று கேட்காமல் விடாத மனிசன், கேர்னல் வரைக்கும், அதாவது மெஷினின் அடிமடி வரைக்கும், போய் இருந்த ஒருத்தனை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் கதிரை கொடுத்து இருத்தியிருக்கிறார்.

எல்லோரும் முழந்தாளிட்டிருக்க, அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். றீற்றா வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் றீற்றாவிடம் மெல்ல விசயத்தைச் சொன்னார்.

"அப்ப என்ர தம்பியின்ர சாமான் பழுதோ?"

"சாமான் தங்கமப்பா. அதோட வந்த டிறைவருக்குத்தான் எங்கட மெஷினோட ஒத்துவரேல்ல."

"அதை அப்பவே பாத்திருக்கலாமே. பெரிய எஞ்சினியர்!"

அந்தப் பட்டத்தை வேறொருவர் சொல்லி அவர் கேட்டது அன்றுதான்.

மூன்றரை மணிக்கு அந்த டிறைவரை எடுத்துவிட்டு, லினக்சோடு வந்த சாதாரண டிறைவரைப் போட்டார். நாலு மணிக்கு மணி அடித்தது. நெற்றி இறங்கியது. நெற்றிக்குக் கீழே கண், மூக்கு, வாய். பிஸ்கட் அளவுப் படம், விட்டு விட்டு அசைந்தது. குரல் முன்னுக்கும் வாய் பின்னுக்குமாக வந்தது. ஆனால் மெஷின் சாகவில்லை.

நெற்றிக்கு மேலேயும் நெற்றிதான். ஒரு மயிர் கிடையாது.

அன்னலட்சுமி தலை குனிந்துகொண்டார்.

"கடிதத்தில எழுதியிருக்கலாமே," என்றாள் பூரணி.

"எழுதினா நீங்கள் பாக்க வரமாட்டியள் எண்டு பயந்தனான்," என்றான் ஆனந்தராசா.

"மூண்டு ஞாயிறா நெத்தியை மட்டுந்தான் பாத்தனான். அது எங்க முடியுது எண்டுதான் தெரியாமக் கிடந்தது."

அங்கே அவன் சிரித்த சத்தம் முதலில் வந்தது, சிரிப்பு பிறகு வந்தது. அது வந்து முடியும்வரை பூரணி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அன்னலட்சுமியிடம் திரும்பி, "மாமி, உங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுது. புல்மோட்டைக்காரருக்கு வேற இடம் பாக்கச் சொல்லுங்கோ," என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பேணாட் தொலைபேசி எடுத்தான். "அத்தான், என்ர காட் எப்பிடி?"

றீற்றா பக்கத்தில் நின்றார். "அந்த மாதிரி மச்சான், நல்ல திறம்," என்றார் நிக்கலஸ்.

முழுப் பொய்யும் இல்லை. காட் மெஷினுக்குள்ளேதான் இருந்தது. கலியாணவீட்டில் முன்வரிசைக் கதிரை கொடுத்து, ஒரு வேலையும் சொல்லாமல் இருத்திவைத்த சம்பந்தி மாதிரி.