முன்பல் இல்லாமல் நடத்திய ழகரப் பாடம்

கொரோனா அடங்கி, மாஸ்க் போடுவது இனி அவரவர் விருப்பம் என்று பள்ளிகளில் சொல்லிவிட்ட வருடம் நடந்தது இது. சேலையூரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு நான் தமிழ் டீச்சர். சுற்றறிக்கை வந்த அன்றே வகுப்பில் பாதிப் பேர் மாஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டார்கள். நானும் கழற்றியிருப்பேன். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் மழையில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்து, மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் பறிகொடுத்திருந்தேன். ஈறு நன்றாக ஆறிய பிறகுதான் புதுப் பல் கட்ட முடியும், மூன்று மாதமாவது ஆகும் என்று தாம்பரத்தில் பல் டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக் கண்ணாடியில் ஒரு தடவை சிரித்துப் பார்த்தேன். அதோடு சரி. விருப்பம் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், எனக்கு மாஸ்க்தான் விருப்பம் என்று இருந்துவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். யாராவது கேட்டால், மாமியாருக்கு வீசிங், அதனால் ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்று ஒரு பொய். அவரோ தினமும் காலையில் இரண்டு கிலோமீட்டர் வாக்கிங் போகிறவர்.

அப்போது ல, ள, ழ நடத்திக்கொண்டிருந்தேன். முதல் வகுப்பு முழுவதையும் செல்போனிலேயே படித்து வந்த பிள்ளைகள். ஒருத்தி ‘மளை’ என்பாள், இன்னொருவன் ‘மயை’ என்பான். நான் மாஸ்க்குக்குள்ளிருந்து தொண்டை வறளக் கத்துவேன். அடுத்த வாரம் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் பாடம் வாசித்துக் காட்ட வேண்டும். ஹெச்.எம். வேறு இரண்டு முறை வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு இரண்டாவது வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். வகுப்பிலேயே வாயாடி அவள்.

“மிஸ், நீங்க மூணையும் சொல்றது ஒரே மாதிரிதான் கேக்குது. மாஸ்க்க எடுத்துட்டு சொல்றீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. கேட்டது நியாயம் என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் கேட்கிறது, நீ முதலில் ஒழுங்காகக் கவனி என்று அதட்டி உட்கார வைத்தேன். அவள் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். புத்தகம் ஆடியதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. மணி அடிக்கும்வரை அவள் அதை இறக்கவேயில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் புத்தகமே கண்முன் நின்றது. என் வாயை மறைப்பதற்காக ஒரு குழந்தையின் வாயை மூடிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் வகுப்புக்குள் போனதும் கதவைச் சாத்தினேன். அவளைப் பார்த்து, “நேத்து நீ கேட்டதுதான் சரி. மிஸ் மேலதான் தப்பு” என்று சொல்லிவிட்டு மாஸ்க்கைக் கழற்றினேன்.

சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் இடத்தை விட்டு எழுந்து வந்து, அண்ணாந்து என் வாயை நிதானமாக ஆராய்ந்தாள்.

“உங்களுக்கும் விழுந்துடுச்சா மிஸ்? எனக்கும் ரெண்டு போச்சு. முளைச்சிடும், பயப்படாதீங்க.”

உதட்டைத் தூக்கிக் காட்டவும் செய்தாள். அவ்வளவுதான். எனக்கும், எனக்கும் என்று வகுப்பே வாயைத் திறந்தது. மாஸ்க் போட்டிருந்தவர்களும் அதை இறக்கிவிட்டுக் காட்டினார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள். பல் முழுசாக இருப்பவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நான் ல, ள, ழ என்று சொல்லச் சொல்ல, பல் இல்லாத இடைவெளி வழியாக நாக்கு போகிற போக்கு அவர்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது. வரிசையாக வந்து எட்டிப் பார்த்தார்கள். ‘ழ’வைக் கண்டுபிடித்தது அவள்தான்.

“நாக்கு எங்கயும் தொடல மிஸ். சும்மா மடிஞ்சிகினு நிக்குது.”

இலக்கணப் புத்தகம்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அந்த ஒரு பீரியடில் வகுப்பில் ‘மளை’யும் நின்றது, ‘மயை’யும் நின்றது. வாசிப்பு நாளில் அவள் ‘வாழைப்பழம்’ என்று அழுத்தமாகச் சொன்னபோது, கடைசி நாற்காலியில் இருந்த ஹெச்.எம். கை தட்டினார். மாஸ்க் இல்லாமல் ஓட்டைப் பல்லோடு நின்றுகொண்டிருந்த என்னிடம், மாமியாருக்கு வீசிங் குணமாகிவிட்டதா என்று பக்கத்து வகுப்பு டீச்சர் காதோடு கேட்டார். குணமாகிவிட்டது என்றேன்.

மூன்று மாதம் கழித்துப் புதுப் பல்லோடு போனபோது பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். இப்போது நாக்கே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் ஒரு குழந்தை எழுந்து நின்று புரியவில்லை என்று சொன்னால், அதன் கவனத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால், எனக்கும் அதற்கும் நடுவில் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொள்கிறேன்.